காலையில் நடுங்கி நிற்கும் மாருதி 800: பிளக்குக்கும் ஈ.சி.எம்.முக்கும் நடுவே பார்க்க வேண்டியவை

கேட்டிருப்பது இதுதான். 2005-ஆம் ஆண்டு மாருதி 800, எம்.பி.எஃப்.ஐ. (கார்பரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் வகை). கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. இப்போது ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் வெட்டவெளியில் நிற்கிறது. டிசம்பர் பிறந்ததிலிருந்து காலையில் செல்ஃப் அடித்தால் உடனே பிடிக்கிறது, ஆனால் வண்டி முழுக்க உதறுகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடுகிறது, லேசாக மிதித்துப் பிடித்தால் ஓடுகிறது. டெம்பரேச்சர் முள் ஏறியதும் எல்லாம் சரி. பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றியாயிற்று. அடுத்து இன்ஜெக்டர், அதிலும் சரியாகாவிட்டால் ஈ.சி.எம். (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) என்கிறார் மெக்கானிக்.

இன்ஜெக்டரையும் ஈ.சி.எம்.மையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். என்ஜின் சூடானதும் சுவடே இல்லாமல் மறைகிற கோளாறு என்றால், குளிரில் மட்டும் வேலை இருக்கிற ஒரு பாகத்தில், அல்லது குளிரில் மட்டும் அளவு மாறி நிற்கிற ஒரு இடத்தில்தான் அதைத் தேட வேண்டும். ஈ.சி.எம். கெட்டால் அது காலை ஏழு மணிக்கு மட்டும் கெட்டு எட்டு மணிக்குத் திருந்தாது. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் த்ராட்டில் பாடியில் (ஆக்சிலேட்டரை மிதிப்பதற்கேற்பக் காற்றை உள்ளே விடும் வாய்) படிந்த கரியும் ஐடில் வால்வும் (காலை எடுத்த நிலையில் காற்றை விடுவது). இரண்டாவது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். அதோடு சேர்த்து, தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இருக்கிறதா என்றே பார்த்துவிடுங்கள். சமவெளியிலிருந்து மலைக்கு வரும் வண்டிகளில் பலவற்றில் அது இருப்பதில்லை.

காரணம் புரிந்தால் தேடுவது சுலபம். குளிர்ந்த என்ஜினுக்குள் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. பாதி மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்) சுவரிலும் வால்வின் முதுகிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஈ.சி.எம். வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கிறது. எவ்வளவு கூடுதல் என்று முடிவு செய்ய அதற்கு இருக்கும் முக்கியமான ஆதாரம் கூலன்ட் சென்சார் சொல்லும் வெப்பநிலை. எண்ணெய் கெட்டியாக இருப்பதால் என்ஜின் சுற்றவே அதிக பலம் தேவை. அதற்காக ஐடில் வால்வைத் திறந்து கூடுதல் காற்றையும் விடுகிறது. சூடான வண்டியில் ஆக்சிஜன் சென்சார் சைலென்சர் பக்கமிருந்து தவறைச் சொல்லித் திருத்தும். குளிரில் அந்த சென்சார் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை. ஆகவே முதல் சில நிமிடங்களுக்கு ஈ.சி.எம். கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போடுகிறது. கணக்கில் கொடுத்த ஏதாவது ஒரு எண் தப்பு என்றால் அதைப் பிடிக்க ஆளில்லை.

இதில் மலையின் பங்கு வேறு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் வரும். கேத்தி, லவ்டேல், குன்னூர் எல்லாம் அதற்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான் வித்தியாசம். ஐடிலிங்கில் த்ராட்டிலின் பட்டாம்பூச்சித் தகடு மூடியிருக்கும்போது அதன் ஓர இடுக்கு வழியாக நுழையும் காற்றின் எடை, வெளி அழுத்தத்தோடு சேர்ந்தே குறையும். குளிர்காற்று அடர்த்தியானது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், கோயம்புத்தூரில் கிடைத்ததைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவு. அதே நேரம் எண்ணெயின் இழுப்பு அதிகம். கீழே இருந்தபோது த்ராட்டிலில் கொஞ்சம் கரி படிந்திருந்தாலும் வண்டி சமாளித்திருக்கும். மேலே அந்தச் சமாளிப்புக்கு இடமில்லை. கீழே இருந்த வரைக்கும் நன்றாகத்தானே ஓடியது என்று குழம்ப வேண்டாம். குறை அப்போதே இருந்திருக்கும்.

இன்னொன்றையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். மலைக்கு வந்தால் ட்யூனிங்கை மாற்ற வேண்டும் என்பது கார்பரேட்டர் காலத்துப் பேச்சு. உங்கள் வண்டியில் மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இருக்கிறது. உயரத்துக்கேற்பப் பெட்ரோலை அதுவே குறைத்துக்கொள்ளும். யாராவது ஸ்குருடிரைவரோடு உயரத்துக்கு செட் பண்ணித் தருகிறேன் என்று பானெட்டைத் திறந்தால் மூடிவிடுங்கள்.

எந்த மாதத்தில் வருகிறது?

வண்டியைத் திறப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். நீலகிரியில் குளிர் வேறு, ஈரம் வேறு. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஊற்றும்போது காலை வெப்பநிலை அவ்வளவு தாழ்வதில்லை, ஆனால் எல்லாமே நனைந்திருக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வானம் தெளிந்து, தலைகுந்தா, கேத்தி மாதிரியான பள்ளங்களில் புல்மேல் உறைபனி விழும். அப்போது கடும் குளிர், ஆனால் காற்று உலர்ந்தது.

மூடுபனியும் சாரலும் உள்ள நாளில் மோசமாகி, உலர்ந்த பனிக்காலத்தில் பரவாயில்லை என்றால் அது மின்சாரப் பக்கத்துக் கோளாறு. பிளக் ஒயர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் அதன் மூடி, இவற்றில் எங்கோ நீர்ப்படலம் வழியாக மின்பொறி ஒழுகுகிறது. இரவு இருட்டில் என்ஜினை ஓடவிட்டு, தண்ணீர் தெளிப்பானால் ஒயர்கள்மேல் மெல்லிய திவலை மட்டும் அடித்துப் பாருங்கள். ஒழுகும் இடத்தில் நீலப்பொறி ஓடும், என்ஜின் மிஸ்ஸிங் ஆகும். கையை வைக்கக் கூடாது. ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் நீளத்துக்கேற்பச் சில கிலோ ஓம் காட்ட வேண்டும். 25 கிலோ ஓமைத் தாண்டியதும், மூன்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக வேறுபடுவதும் மாற்ற வேண்டியவை.

நீங்கள் டிசம்பரிலிருந்து என்கிறீர்கள். அதனால் ஈரத்தைப் பின்னால் தள்ளி, குளிரைப் பார்ப்போம்.

காலையில் செய்ய வேண்டிய சோதனை

இரவு முழுக்க நின்ற வண்டியில்தான் இதைச் செய்ய முடியும். ஒரு முறை கிளப்பிச் சூடாக்கிவிட்டால் அன்றைய வாய்ப்பு போயிற்று. ஹீட்டர், விளக்கு எல்லாம் அணைத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் செல்ஃப் அடியுங்கள். உதறத் தொடங்கியதும் மெதுவாக மிதித்து, என்ஜின் என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

லேசாக மிதித்ததும் உதறல் நின்று சீராக ஓடினால், பெட்ரோலும் பொறியும் ஓரளவு சரியாகத்தான் இருக்கின்றன. காற்றுதான் போதவில்லை. த்ராட்டில், ஐடில் வால்வு.

மிதித்ததும் தயங்கி, இருமி, ஏர் ஃபில்டர் பக்கமாகப் பொட்டென்று வெடித்து, இன்னும் மோசமானால் பெட்ரோல் போதவில்லை. கூலன்ட் சென்சார் பொய் சொல்கிறது, பெட்ரோல் அழுத்தம் குறைவு, அல்லது ஏதோ ஒரு சிலிண்டருக்குக் காற்று திருட்டுத்தனமாகப் போகிறது.

மிதித்தால் கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வந்து, சில நொடி ரேஸ் கொடுத்ததும் தெளிந்தால் பெட்ரோல் அதிகம். இரவில் இன்ஜெக்டர் சொட்டியிருக்கலாம், அல்லது சென்சார் உள்ளதைவிட அதிகக் குளிராகச் சொல்கிறது.

மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே தாளத்தில் தட்டித் தட்டி ஓடினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. மூன்று சிலிண்டர் வண்டியில் இதைக் காது கேட்காதவர்கூட உட்கார்ந்த இடத்தில் உணர்வார்.

உங்கள் விவரிப்பு முதல் வகை. அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

த்ராட்டில் பாடியும் ஐடில் வால்வும்

மலை வண்டியில் இது சீக்கிரம் அழுக்காவதற்குக் காரணம் உண்டு. கோத்தகிரியிலிருந்தோ குன்னூரிலிருந்தோ மேட்டுப்பாளையம் இறங்கும்போது தாழ்ந்த கியரில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்காக இறங்குகிறோம். அப்படித்தான் இறங்க வேண்டும். ஆனால் அந்த நேரம் முழுக்க மேனிஃபோல்டில் உறிஞ்சல் உச்சத்தில் இருக்கும். எண்ணெய் ஆவி த்ராட்டில் பக்கம் இழுபட்டுத் தகட்டின் ஓரத்தில் கரியாகப் படியும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, தகட்டைக் கையால் திறந்து பின்புறத்தைப் பாருங்கள். பெரும்பாலும் முன்புறம் சுத்தமாக இருக்கும், கரி பின்னால்தான். த்ராட்டில் பாடிக்கு என்றே விற்கும் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். நேராக உள்ளே பீய்ச்சி அடித்தால் கரைந்த கரி ஐடில் வால்வின் சந்துக்குள் போய் அடைக்கும். பெட்ரோல், தின்னர் வேண்டாம், ரப்பர் வளையங்கள் ஊறிப்போகும். சில த்ராட்டில் பாடியின் உட்சுவரில் தொழிற்சாலையிலேயே பூசிய கருமையான மெழுகு மாதிரி ஒரு படலம் இருக்கும். அது கரி அல்ல. பளபளவென்று உலோகம் தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. அதற்கப்புறம் அந்த வண்டி ஐடிலில் நிலைக்கவே நிலைக்காது.

ஐடில் வால்வைக் கழற்றினால் அதன் ஓ-ரிங்கை மாற்றிவிடுங்கள். முனையில் உள்ள கூம்பைக் கையால் அமுக்கவோ இழுக்கவோ கூடாது, உள்ளே உள்ள பிளாஸ்டிக் மரை போய்விடும். கூம்பையும் அது உட்காரும் துளையையும் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். மாட்டியதும் சாவியை ஆன் செய்து பத்து நொடி விட்டு, ஆஃப் செய்து, பிறகு கிளப்புங்கள். முதல் சில நிமிடம் ஐடில் ஏறி இறங்கும். ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும்வரை ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டுவிட்டால் ஈ.சி.எம். புது அளவைப் பழகிக்கொள்ளும். சூடான பிறகு 850-லிருந்து 950 ஆர்.பி.எம். சுற்றி நிற்க வேண்டும். உறைபனிக் காலையில் கிளப்பியவுடன் 1,500-ஐ ஒட்டி ஏறி, படிப்படியாக இறங்க வேண்டும். அந்த ஏற்றமே வரவில்லை என்றால் வால்வு அசையவில்லை, அல்லது அதற்கு உத்தரவு போகவில்லை.

தகட்டின் நிறுத்து ஸ்குருவைத் திருகி ஐடிலை ஏற்றிக்கொடுப்பது நம்மூர் ஒர்க்ஷாப்புகளின் பழைய வைத்தியம். அப்படிச் செய்தால் த்ராட்டில் பொசிஷன் சென்சார் கால் எடுத்துவிட்டார் என்று ஈ.சி.எம்.முக்குச் சொல்லாது. ஐடில் கட்டுப்பாடே வேலை செய்யாமல் போகும். அந்த ஸ்குருவின் தலையில் பெயின்ட் சீல் உடைந்திருந்தால் யாரோ ஏற்கெனவே திருகிவிட்டார்கள் என்று அர்த்தம். அதை முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

கூலன்ட் சென்சாரும் காணாமல்போன தெர்மோஸ்டாட்டும்

பல வண்டிகளில் இரண்டு சென்சார் இருக்கும். ஒற்றை ஒயர் உள்ளது டேஷ்போர்டு முள்ளுக்கு. இரண்டு ஒயர் உள்ளது ஈ.சி.எம்.முக்கு. முள் சரியாகக் காட்டுகிறது, ஆகவே சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது என்ற வாதம் அதனால் செல்லாது. புதிது வாங்கி முள்ளுக்கு உள்ளதை மாற்றிவிட்டு, மாற்றியும் சரியாகவில்லை என்பதும் அடிக்கடி நடப்பதுதான்.

காலையில் கிளப்புவதற்கு முன் இரண்டு ஒயர் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரு முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். சுசுகி வகை சென்சாரில் 20 டிகிரிக்கு சுமார் 2.2 முதல் 2.7 கிலோ ஓம். 10 டிகிரிக்கு மூன்றரையிலிருந்து நான்கு. உறைபனி நிலையில் ஐந்தரை, ஆறு. 80 டிகிரியில் 0.3 கிலோ ஓம் அளவுக்கு விழும். கேத்தியில் காலை ஆறரை மணிக்கு அது ஒரு கிலோ ஓம் காட்டினால், என்ஜின் 40 டிகிரிக்கு மேல் சூடாக இருப்பதாக ஈ.சி.எம். நம்பிக்கொண்டிருக்கிறது. பிறகு எப்படிக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும்? கனெக்டரில் பச்சை பிடித்திருந்தால் இதற்கு நேரெதிர். துருவின் தடையும் சேர்ந்து, இருப்பதைவிடக் குளிராகத் தெரியும். பெட்ரோல் கூடி பிளக் கறுத்துப்போகும். சென்சாரை வாங்குவதற்கு முன் கனெக்டரைச் சுத்தம் செய்து பாருங்கள்.

இனி தெர்மோஸ்டாட். சமவெளியில் வண்டி கொதிக்கிறது என்று போனால் அதைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. அங்கே ஓரளவுக்குத் தெரியாது. ஊட்டியில் அப்படிப்பட்ட வண்டி சூடாகவே ஆகாது. கிளப்பியதிலிருந்து தண்ணீர் முழு ரேடியேட்டரையும் சுற்றிவரும், முள் கால்பங்கைத் தாண்டாது. ஈ.சி.எம். நாள் முழுக்கக் குளிர்காலக் கணக்கிலேயே பெட்ரோல் ஊற்றும். பிளக் கரிபிடிக்கும், எண்ணெயில் பெட்ரோல் கலக்கும், மைலேஜ் விழும். இந்தக் கரிபிடித்த பிளக்தான் மறுநாள் காலை உதறலுக்கு வழிவிடுகிறது. கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். கிளப்பி மூன்று நிமிடத்தில் ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஓஸைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் அது வெகுநேரம் சில்லென்று இருந்து, 80 டிகிரி தாண்டியதும் சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே வெதுவெதுப்பாக ஏறினால், இல்லை அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. புதிது போடும்போது வெறும் தண்ணீரை வடித்துவிட்டு கூலன்ட் கலவை ஊற்றுங்கள். பனி விழும் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

எண்ணெய் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி ஒரு படிவு இருப்பதைப் பார்த்து ஹெட் கேஸ்கட் போயிற்று என்று பயப்பட வேண்டாம். வீட்டிலிருந்து கடைவீதிக்கு மட்டும் போய்வரும் மலை வண்டியில் நீராவி வெளியேற நேரம் கிடைக்காமல் அப்படித் தேங்கும். டிப்ஸ்டிக்கில் உள்ள எண்ணெயே பால்காபி நிறத்தில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

காற்றுக் கசிவு

மேப் சென்சார் உள்ள வண்டியில் கசிவின் அடையாளம் கொஞ்சம் ஏமாற்றும். ஏதோ ஒரு வேக்கம் ஓஸ் கிழிந்தால் மேனிஃபோல்ட் அழுத்தம் ஏறும். ஈ.சி.எம். அதைப் பார்த்துப் பெட்ரோலையும் கூட்டிவிடும். ஆகவே வண்டி நிற்பதற்குப் பதில் ஐடில் ஏறித்தான் போகும். ஆனால் கசிவு ஒரே சிலிண்டரின் வாசலில், அதாவது மேனிஃபோல்ட் கேஸ்கட்டிலோ இன்ஜெக்டர் ஓ-ரிங்கிலோ இருந்தால், கூட்டிய பெட்ரோல் மூன்றுக்கும் பங்காகும், காற்று ஒன்றுக்கு மட்டும் அதிகமாகும். அந்த ஒன்று தட்டும். சூடானதும் அலுமினியம் விரிந்து கேஸ்கட்டை இறுக்க, கசிவு மறைந்துவிடும். உங்கள் ஐடில் வால்வைச் சுத்தம் செய்தும் உதறல் பாக்கியிருந்தால் இங்கே வாருங்கள்.

தேட கார்ப் கிளீனர் அடிப்பது வழக்கம், ஆனால் அது எளிதில் தீப்பற்றும். அதைவிடத் தண்ணீர்த் தெளிப்பான் போதும். கிளப்பி முதல் ஒரு நிமிடத்துக்குள், மேனிஃபோல்ட் ஹெட்டோடு சேரும் கோட்டிலும் இன்ஜெக்டர்களின் அடியிலும் மெதுவாகத் தெளியுங்கள். தண்ணீர் இடுக்கை அடைக்கும் சில நொடிக்கு என்ஜின் சத்தம் மாறும். மேனிஃபோல்ட் நட்டுகளை இறுக்குவதானால் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, நடுவிலிருந்து ஓரத்துக்கு. பிரேக் பூஸ்டர் ஓஸை மறக்க வேண்டாம். ஐடிலில் பிரேக்கை நான்கைந்து முறை மிதிக்கும்போதெல்லாம் என்ஜின் தடுமாறினால் அங்கேயும் பாருங்கள்.

எலி. வெதுவெதுப்பான பானெட்டுக்குள் இரவில் ஏறிப் படுத்துக்கொள்ளும். இன்ஜெக்டர் ஒயரின் மேலுறையையும் மேப் சென்சாரின் மெல்லிய ஓஸையும் கடித்துவைக்கும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டி நிற்கிற வண்டியில் எந்தச் சோதனைக்கும் முன் டார்ச் அடித்து இதைப் பார்ப்பது நல்லது.

ஒரு சிலிண்டர் மட்டும் என்றால்

தட்டும்போது இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். கழற்றினால் எந்த மாற்றமும் தெரியாத சிலிண்டர்தான் சோம்பேறி. ஓடும்போது பிளக் ஒயரை இழுத்துப் பார்ப்பது வேண்டாம். ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோல் சைலென்சரில் உள்ள கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். சோம்பேறி யார் என்று தெரிந்ததும், அடுத்த நாள் காலை கிளப்பிய அரை நிமிடத்தில் நிறுத்தி அந்த பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமும் பெட்ரோல் வாடையும் என்றால் பொறி இல்லை, அல்லது இன்ஜெக்டர் சொட்டுகிறது. வாடையில்லாத ஈரம், கழுவிவிட்ட மாதிரி சுத்தம், கூடவே சைலென்சரில் வெள்ளைப்புகை, கூலன்ட் மாதத்துக்கு மாதம் குறைவது, இவை சேர்ந்தால் ஹெட் கேஸ்கட் வழியாக இரவில் ஒரு வடிசல். வெள்ளைப்புகை மட்டும் தனியாக இருந்தால் பொருட்படுத்தாதீர்கள், பனிக்காலத்தில் எல்லா சைலென்சரும் புகைக்கும்.

புது பிளக் என்கிறீர்கள். இடைவெளி பார்த்தார்களா? எம்.பி.எஃப்.ஐ. 800-க்கு 1.0 முதல் 1.1 மில்லிமீட்டர்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று டேப்பட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே விடும் இடைவெளி. எல்லாரும் சூடானால் வால்வு நீளும், இடைவெளி குறையும் என்றே நினைக்கிறார்கள். இந்த என்ஜினில் ஹெட் அலுமினியம், அது வால்வைவிட அதிகம் விரிகிறது. அதனால்தான் சுசுகி கையேட்டில் சூடான நிலைக்கான டேப்பட் அளவு குளிர்ந்த நிலைக்கானதைவிடப் பெரிது. குளிரில் 0.15 மில்லிமீட்டரை ஒட்டி வைத்தால் சூட்டில் 0.25 வரை போகும். டேப்பட் இறுகிப்போன வண்டியில் கிளப்பியவுடன் வால்வுத் தண்டு நொடிகளில் சூடாகி நீள்கிறது, ஹெட் சூடாகப் பல நிமிடம் ஆகிறது. அந்தச் சில நிமிடங்களில் வால்வு முழுக்க மூடாமல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம்) ஒழுகும். ஹெட் சூடானதும் தானாகச் சரியாகிவிடும். உங்கள் வண்டி எப்போதாவது எல்.பி.ஜி.யில் ஓடியிருந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும், வாயுவில் வால்வு இருக்கை சீக்கிரம் தேய்ந்து டேப்பட் இறுகும். சத்தம் போடும் டேப்பட்டை எல்லாரும் கவனிக்கிறார்கள். சத்தமே இல்லாததுதான் ஆபத்தானது.

பெட்ரோல், பேட்டரி, எண்ணெய்

சாவியை ஆன் செய்து, பின்னால் பம்ப் இரண்டு நொடி முனகி நின்றதும் ஆஃப் செய்து, இன்னொரு முறை அதையே செய்து, பிறகு செல்ஃப் அடியுங்கள். வித்தியாசம் தெரிந்தால் இரவில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பம்பின் ஒருவழி வால்வு அல்லது சொட்டும் இன்ஜெக்டர். உங்கள் வண்டி உடனே பிடிக்கிறது என்பதால் இதற்கு வாய்ப்பு குறைவு.

இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2005 வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் ஆவியாக அதிக வெப்பத்தை உறிஞ்சும், எரிய அதற்குக் காற்று குறைவாகப் போதும். அதாவது ஈ.சி.எம்.மின் குளிர்காலக் கணக்கு ஏற்கெனவே ஏழெட்டு சதவீதம் பெட்ரோல் பற்றாக்குறையோடுதான் தொடங்குகிறது. மற்ற எல்லாம் சரியாக இருந்தால் வண்டி இதைத் தாங்கும். பாதி காலியான டாங்க்கை வாரக்கணக்கில் பனியில் நிறுத்தினால் உள்ளே நீர் கோத்து, எத்தனாலோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கலாம். அப்படி நின்றால் காலையில் பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். சந்தேகம் இருந்தால் டாங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து இரவு வெளியே வைத்துப் பாருங்கள், இரண்டு அடுக்காகப் பிரிந்தால் வடிக்க வேண்டியதுதான். மலையில் டாங்க்கைப் பாதிக்கு மேலேயே வைத்திருப்பது நல்லது.

பேட்டரி காலையில் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. எண்ணெய் 20டபிள்யூ-50 போட்டிருந்தால் 10டபிள்யூ-30-க்கு மாறுங்கள்.

கார்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

2000-க்கு முந்தைய 800 இன்னும் இந்த மலையில் நிறைய ஓடுகிறது. அதில் சென்சார் கிடையாது. சோக் கேபிளை இழுத்தால் மேல் தகடு முழுக்க மூடுகிறதா என்று ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், கேபிள் தளர்ந்து முக்கால்வாசி மட்டும் மூடுவதே பாதி வண்டிகளின் நோய். சாவி ஆன் செய்ததும் கார்பரேட்டரில் உள்ள சொலினாய்டு டிக் என்று தட்ட வேண்டும். தட்டாவிட்டால் ஐடில் ஜெட்டுக்குப் பெட்ரோலே போகாது.

இதில் மலைக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. கிளப்பி ஐந்து, பத்து நிமிடம் நன்றாக ஓடி, மூடுபனிக்குள் போனதும் இழுவை குறைந்து நின்றுவிடும். ஓரங்கட்டிப் பத்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றும் நடக்காதது மாதிரி கிளம்பும். பெட்ரோல் ஆவியாகும்போது கார்பரேட்டர் தொண்டை பல டிகிரி குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அங்கே பனிக்கட்டியாகப் படிந்து மூச்சை அடைக்கிறது. உறைபனி நாளில் இது குறைவு, ஏனென்றால் காற்றில் ஈரமில்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டு டிகிரி வரை உள்ள ஈரமான காலைதான் இதற்கேற்ற நேரம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து ஏர் ஃபில்டர் மூக்குக்கு வெப்பக்காற்று கொண்டுவரும் வெள்ளி நிறக் குழாய் இதைத் தடுக்கத்தான். கீழே இருந்தபோது கிழிந்து, தேவையில்லை என்று எறிந்திருப்பார்கள். அதைத் திரும்ப மாட்டினால் போதும்.

உயரத்தால் கார்பரேட்டர் கலவை பத்து சதவீதம் போலக் கெட்டியாகும், எத்தனால் அதில் பெரும்பகுதியை மெலிதாக்கிவிடும். மலைமேல் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் வண்டி நன்றாகவே ஓடும். அதே வண்டி மேட்டுப்பாளையம் இறங்கியதும் இருமினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஒர்க்ஷாப்புக்குப் போனால்

வீட்டில் செய்ய முடிந்ததெல்லாம் செய்தும் தீராவிட்டால் மிச்சம் பெட்ரோல் அழுத்தமும் கம்ப்ரஷனும். பெட்ரோல் அழுத்தம் பம்ப் ஓடும்போது சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரையிலிருந்து மூன்று கிலோ. கம்ப்ரஷனையும் வேக்கத்தையும் (மேனிஃபோல்டின் உறிஞ்சல்) அளக்கும்போது மெக்கானிக்கிடம் உயரத்தை நினைவுபடுத்துங்கள். கீழே 12 கிலோ காட்டுகிற நல்ல என்ஜின் ஊட்டியில் ஒன்பது சொச்சம்தான் காட்டும். வேக்கம் கேஜில் கீழே 18 முதல் 22 அங்குலம் என்பது இங்கே ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் வீதம் குறைந்து வரும். புத்தகத்து எண்ணைப் பார்த்து ரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். பார்க்க வேண்டியது மூன்று சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தால் முதலில் டேப்பட்டைச் சரிசெய்து, மறுபடி அளந்த பிறகுதான் ஹெட்டை இறக்கும் பேச்சு.

விலை மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் 2005 வண்டியோடு பெரும்பாலும் பேசாது, அதற்காகச் செலவழிக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியை மாலையிலேயே ஒர்க்ஷாப்பில் விட்டு, வெளியில் நிறுத்தச் சொல்லி, காலையில் முதல் செல்ஃபை மெக்கானிக்கே அடிக்கட்டும். வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் அவர் பார்ப்பது எந்தக் கோளாறும் இல்லாத ஒரு வண்டியை. அப்போது அவருக்கும் பாகத்தை மாற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.